மெழுகோடு உள்ளே வரக்கூடாது

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். வீடு தெரியாவிட்டால் நடந்தது புரியாது.

கடலுக்குப் போகும் தெருவில் கடைசிக்கு முந்தின வீடு அது. கீழே முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம், மாடியில் ஒற்றை அறையில் நான். பட்டறையில் சர்ஃப் பலகைகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். அலைமேல் நின்று போகிறவர்கள் பாறையில் முட்டியும் மணலில் குத்தியும் ஒருத்தர்மேல் ஒருத்தர் ஏறியும் உடைத்துக்கொண்டு வருகிற பலகைகள், ஆஸ்பத்திரி வராந்தாவில் முறைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி சுவரோரம் சாய்ந்து நிற்கும். பலகை என்று பேர்தான், உள்ளே இருப்பது வெள்ளை நுரைக்கட்டை. அதைச் சுற்றிக் கண்ணாடி இழைத் துணி, துணியின்மேல் ரெசின் என்கிற பிசின். உடைந்த இடத்தை வெட்டி எடுத்து, புது நுரை வைத்து அடைத்து, துணி போர்த்தி, பிசின் ஊற்றி, வெயிலில் இறுக வைத்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். தேய்க்கிறபோது பறக்கும் வெள்ளைத் தூள் என் மாடி ஜன்னல்வரை வரும். காலையில் எழுந்தால் மேசைமேல் விரலால் கையெழுத்துப் போடலாம்.

இந்த வேலையைச் செய்கிறவர் வீட்டுக்காரம்மா. தெருவில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. புருஷனும் அப்படித்தான் கூப்பிடுகிறார், மகளும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள். புருஷன் கல்யாணப் படக்காரர். வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாணம், மனசுக்குக் கடல். கல்யாணம் இல்லாத நாட்களில் விடிந்ததும் காமிராவை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டி எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிடுவார். அலை உடையும் இடத்தில் கழுத்தளவு மிதந்துகொண்டு படம் எடுப்பார். உப்புத் தண்ணீரிலேயே கிடப்பதால் சர்ஃப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் ஊறுகாய் அண்ணன். அதற்கு அவர் கோபித்துக்கொண்டதில்லை. கையை உயர்த்தி ஆசீர்வாதம் மட்டும் செய்வார்.

பட்டறைக் கதவில் சிவப்புப் பெயிண்டில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கும்: மெழுகோடு உள்ளே வரக்கூடாது.

கால் வழுக்காமல் இருக்கப் பலகையின் மேற்பக்கம் மெழுகு தேய்த்துக்கொள்வது சர்ஃப் போகிறவர்கள் வழக்கம். கடலில் அது தெய்வம், பட்டறையில் அதுதான் எமன். நகக்கண் அளவு மெழுகு அடியில் இருந்தாலும் பிசின் பிடிக்காது, ஒரு மாதத்தில் தோல் உரிந்த மாதிரி உரிந்து வந்துவிடும். ஆகையால் வருகிற பலகையை முற்றத்து வெயிலில் போட்டு, மெழுகு இளகினதும் சுரண்டி எடுத்து, பெயிண்ட் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியால் துடைத்த பிறகுதான் வாசற்படி தாண்ட வேண்டும். ஊரே இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, ஒருத்தரைத் தவிர.

"ஏங்க, இந்த போர்டை உள்ள கொண்டுவந்து வச்சது யாரு?"

"காத்துல பறந்து வந்திருக்கும்."

"மெழுகோட பறந்துச்சாக்கும். என் டேபிள் மேல பாருங்க, வெண்ணெய் தடவின மாதிரி இருக்கு. படிக்கத் தெரியாதா உங்களுக்கு? கதவுல எழுதியிருக்கில்ல?"

"கதவு திறந்திருந்தா எழுத்து சுவத்துப் பக்கம் திரும்பிடுது, மேஸ்திரி. நான் என்ன பண்ண?"

வாரத்துக்கு இரண்டு தடவையாவது இந்தப் பேச்சு படியேறி வரும். அதைக் கேட்டபடி நான் ரொட்டியில் முட்டையை வைத்துச் சாப்பிட்டு வேலைக்குப் புறப்படுவேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில், அந்தக் கோடையில் பெரிய சந்தோஷம் ஒன்று வந்தது. நகரத்தில் பெயர்பெற்ற ஒரு கலைக் காட்சிக்கூடம், அலையும் கலையும் என்று ஒரு கண்காட்சி வைக்கப் போகிறதாம். சர்ஃப் போகிறவர்கள் செய்த ஓவியம், சிற்பம், பலகை, படம் எல்லாம் வைக்கிறார்களாம். அதை ஏற்பாடு செய்கிற இளைஞன் ஒருவன் கடற்கரைப் பக்கம் விசாரித்துக்கொண்டு வந்து, படக்காரரின் பெட்டியை நாலு மணி நேரம் கிளறி, ஆறு படம் எடுத்துவைத்தான். ஆறும் ஆளில்லாத அலைகள். நீலமும் வெள்ளியுமாக, பார்த்தாலே குளிரும். படக்காரருக்கென்று ஒரு முழுச் சுவர் கொடுப்பதாகச் சொல்லிவிட்டான்.

அதுவரை அந்த மனிதரின் கடல் படங்களுக்குச் சுவர் கிடைத்தது சலூனிலும் சைக்கிள் கடையிலும்தான். சலூன்காரர் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த படத்தில் ஷேவிங் நுரை தெறித்து, எது அலை எது சோப்பு என்று தெரியாமல் ஆகிவிட்டது. எத்தனையோ கூடங்களுக்கு அனுப்பி, எத்தனையோ தடவை நன்றி என்று ஒரு வரி பதில் வாங்கியவர். கேலரித் தம்பி போனதும் அவர் முற்றத்தில் நின்று சத்தமில்லாமல் ஒரு குதி குதித்தார். மாடியிலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

மேஸ்திரி அவருக்குப் புதுச் சட்டை எடுத்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள், "எங்கப்பா கலைஞர், கல்யாணத்துக்கெல்லாம் இப்ப டேட் இல்லை," என்று போனில் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"வாயை மூடுடி. கல்யாணம் இல்லேன்னா கரண்ட் பில்லை யாரு கட்டுவா?" என்றார் மேஸ்திரி. ஆனால் சட்டையை மறுபடியும் எடுத்து மடித்து வைத்தார். அன்றைக்கு அது நாலாவது மடிப்பு.

கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கையில் அந்தக் கேலரித் தம்பி வேன் ஒன்றில் அவசரமாக வந்து இறங்கினான். முகத்தில் ரத்தமில்லை. மேஸ்திரி அப்போது பிசின் டின் வாங்க டவுனுக்குப் போயிருந்தார்.

"அண்ணே, அக்கா இல்லையா? ஒரு சின்ன ஆக்சிடென்ட். போர்டு ஒண்ணு ஏத்தும்போது வேன் கதவுல இடிச்சு முன்னால இருக்கிற மூக்கு உடைஞ்சிருச்சு. கண்காட்சியிலயே முக்கியமான பீஸ் இதுதான். மூக்கை மட்டும் சரி பண்ணிக் குடுங்க, மத்தபடி அப்படியே இருக்கணும். இதைப் பண்ணின அம்மா நாளைக்குக் காலையில பார்க்க வர்றாங்க. நானும் கூட வர்றேன்."

"மேஸ்திரி கை பட்டா உடைஞ்ச இடம் எதுன்னு அந்தம்மாவே தேடணும். போயிட்டு வாங்க தம்பி."

பலகை கம்பளியிலும் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளிலும் சுற்றியிருந்தது. வேன் போனதும் படக்காரர் பிரித்தார். பிரித்தவர், "அடப்பாவிங்களா!" என்று கத்தியதைக் கேட்டு நான் படியில் வந்து நின்றேன்.

அவ்வளவு மெழுகை ஒரு பலகையில் நான் பார்த்ததில்லை. உள்ளங்கை கனத்துக்கு மேட்டுநிலம் போல ஏறிக் கிடந்தது. சாம்பல், பழுப்பு, மஞ்சள், ஓரிடத்தில் ரோஸ் என்று அடுக்கடுக்காக, மணலும் முடியும் நூலும் ஒட்டிக்கொண்டு, நடுவில் இரண்டு பாதங்கள் குழியாகப் பதிந்து.

"வாழ்நாள்ல ஒரு தடவை கூட சுரண்டினதில்லை போலிருக்கு மாடி சார். இதை மேஸ்திரி பார்த்தா என்ன ஆகும்?"

"உங்களைத்தான் சுரண்டுவாங்க," என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். உள்ளே கொடியில் தொங்கிய புதுச் சட்டையைப் பார்த்தார். அந்தக் கணம் அவருக்குள் ஒரு நல்ல புருஷன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். பலகையை முற்றத்து வெயிலுக்கு இழுத்தார். மத்தியானம் முழுக்கச் சட்டையில்லாமல் உட்கார்ந்து சுரண்டினார். மெழுகு இளகி, சுருள் சுருளாக எழும்பி, பக்கெட்டில் விழுந்தது. தேங்காய் எண்ணெயும் கற்பூரமும் கலந்த ஒரு வாசனை தெருவரை போயிற்று. நானும் சும்மா இருக்கவில்லை. படியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றபடி, "அந்த ஓரத்துல கொஞ்சம் இருக்கு," என்று கைகாட்டினேன். அவரும் அந்த ஓரத்தைச் சுரண்டினார். கடைசியில் தின்னர் போட்டுத் துடைத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, தன் துண்டாலேயே ஒற்றி எடுத்தார். கீழே இருந்த பலகை வெளிர் மஞ்சள் நிறம். வெயில் பட்டு மின்னியது.

மேஸ்திரி டின்னோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு பண்ணது?"

"நீயே கண்டுபிடி."

"நீங்களா? நிஜமா? ஒரு பொட்டு மெழுகு இல்லையே!" விரலால் தடவிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். "கலைஞர் ஆனதும் புத்தியும் வந்திருச்சு. கை கழுவிட்டு வாங்க, மீன் வறுக்கிறேன்."

அந்த வீட்டில் அவ்வளவு இணக்கமான ஒரு சாயங்காலத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எனக்கும் ஒரு தட்டு மீன் வந்தது. தட்டைத் திருப்பிக் கொடுக்க இறங்கி வந்தபோதுதான் போன் அடித்தது. மேஸ்திரி கையில் எண்ணெய் என்பதால் மகள் சத்தமாகப் பேசும்படி வைத்தாள்.

"அக்கா, அண்ணன்கிட்ட சொல்ல விட்டுப்போச்சு. மூக்கு ஒட்டும்போது மெழுகு மேல கை படாம பாத்துக்கங்க. அந்த மெழுகுதான் வொர்க்."

மேஸ்திரி கரண்டியோடு நின்றார். "மெழுகுதான் என்னது?"

"படைப்புக்கா. அந்தம்மா பல வருசமா சுரண்டாம ஏத்தினது. அவங்க கால், அவங்க கூட்டாளிங்க கால், யாரு யாரு அது மேல நின்னாங்களோ எல்லாம் அதுல இருக்கு. உலகத்துல ரெண்டு மூணு இடத்துல காட்டியிருக்காங்க."

"அப்ப போர்டு?"

"போர்டு சும்மா, அதைத் தாங்குற ஸ்டாண்டு மாதிரி."

வாணலியில் மீன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அப்புறம் மேஸ்திரி, ஒளிக்காமல், நடந்ததைச் சொன்னார்.

"அக்கா... என் வேலை போச்சு. அந்தம்மா விலகிட்டாங்கன்னா கண்காட்சியே நடக்காது. அண்ணன் சுவரும் போச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "கேட்டலாக்ல அதோட போட்டோ இருக்கு. பாத்துப் பாத்து திரும்ப ஒட்டிர முடியுமா? அவங்களுக்குக் கண்ணு அவ்வளவு தெரியாது."

போனை வைத்ததும் சண்டை ஆரம்பித்தது. ஆனால் அது நான் எதிர்பார்த்த சண்டை இல்லை.

"என் தப்பு. கதவுல எழுதிவச்சு உங்களை மிரட்டினவ நான்தானே."

"உன் தப்பு என்ன? 'அப்படியே இருக்கணும்'னு அந்தப் பையன் சொன்னான். காதுல வாங்காதது நானு."

"நான் கத்தாம இருந்திருந்தா நீங்க வழக்கம் போல மெழுகோட உள்ள வச்சிருப்பீங்க. நல்லா இருந்திருக்கும்."

"ஒரே ஒரு நாள் உன் பேச்சைக் கேட்டேன் பாரு!"

"அதைத்தான் நானும் சொல்றேன், ஏன் கேட்டீங்க?"

மகள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ரெண்டு பேரும் அப்புறமா தியாகம் பண்ணுங்க. ஒட்ட முடியுமா முடியாதா?"

ஒட்டிப் பார்த்தோம். நாலு பேரும் பட்டறையில் உட்கார்ந்து, கேலரித் தம்பி அனுப்பிய கேட்டலாக் படத்தைப் போனில் பெரிசாக்கி வைத்துக்கொண்டு, சூடு காட்டிய கத்தியால் மெழுகைத் தட்டித் தட்டி அப்பினோம். மேஸ்திரி கை வேகமான கை. கொஞ்ச நேரத்தில் ஒரு முழம் நீளத்துக்கு மேட்டுநிலம் எழும்பிவிட்டது. தள்ளி நின்று பார்த்தால் அசலேதான். கிட்டப் போனால் வேகாத முட்டைமேல் மண் அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. பாதக் குழிக்கு மகள் காலை வைத்து அழுத்தினாள்.

படக்காரர் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டுடு மேஸ்திரி," என்றார்.

"இன்னும் கொஞ்சம் மணல் தூவினா சரியாயிரும்."

"ஆகாது. அந்தம்மா கால் இருந்த இடத்துல நம்ம புள்ள காலை வச்சுட்டு, நாளைக்கு அவங்க மூஞ்சியைப் பார்த்து நான் எப்படிச் சிரிக்கிறது?"

"கல்யாணத்துல மாப்பிள்ளை வழுக்கையில எல்லாம் முடி முளைக்க வைக்கிறீங்களே."

"அது மாப்பிள்ளை கேட்டு வைக்கிறது."

மேஸ்திரி கத்தியைக் கீழே வைத்தார். "சுவர் போயிரும்ங்க."

"போகட்டும். சலூன் சுவர் இருக்குல்ல." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. மேஸ்திரி அவர் முதுகில் உள்ளங்கையை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அப்பிய மெழுகை எல்லாம் மறுபடி சுரண்டிப் பக்கெட்டில் போட்டார். கொடியில் தொங்கிய புதுச் சட்டையை எடுத்து அலமாரியின் உள்தட்டில் வைத்துவிட்டார் என்று மறுநாள் மகள் சொன்னாள்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் வேன் வந்தது. பலகையின் சொந்தக்காரரான ஓவியர் அம்மா இறங்கினார். நான் நினைத்திருந்த மாதிரி இல்லை. குட்டையான உருவம், மூட்டை தூக்குகிறவர் தோள்கள், ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, ரப்பர் செருப்பு. பின்னால் கேலரித் தம்பி, இரவெல்லாம் விழித்த கண்களோடு.

பலகை பட்டறை நடுவில், மொட்டையாக, இரண்டு மர முக்காலிகளின்மேல் கிடந்தது. ஓவியர் அம்மா அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"சுரண்டினது யாரு?"

"நான்," என்றார் படக்காரர். "நான்," என்றார் மேஸ்திரி.

"ஒரு சுரண்டிதானே கிடக்கு?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா, இங்க சட்டம் என்னோடது," என்றார் மேஸ்திரி. "அவ பேச்சை நம்பாதீங்க, அவ ஊர்லயே இல்லை," என்றார் படக்காரர்.

"நானும்தான்," என்றேன் நான், வாசலில் நின்றபடி. எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஓவியர் அம்மா சிரிக்கவில்லை. பக்கெட்டைக் கேட்டார். முன்னால் வைத்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையும் விட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். வெகுநேரம் முகர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"இதுல அடியில ரோஸ் கலர் ஒண்ணு இருந்தது. என் சிநேகிதி ஒருத்தி வச்சுத் தேய்ச்சது. அந்தக் கலர் மெழுகு அவ மட்டும்தான் வாங்குவா. இப்ப அவ இல்லை."

மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டார். படக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்குப் படியேறி ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஓவியர் அம்மா எழுந்தார். பலகையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். மறுபடி தூக்கினார். அப்படியே அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"எவ்வளவு லேசா இருக்கு!" அவர் முகம் மாறியது. "இதை நான் கடைசியா தூக்கினது எப்போன்னே ஞாபகமில்லை. கனமாயிருச்சு. அப்புறம் படைப்புன்னு ஆயிருச்சு. கையுறை போட்டுக்கிட்டு ரெண்டு பேர் தூக்குவானுங்க, நான் பக்கத்துல நின்னு பார்ப்பேன். தொட்டா, 'அம்மா, தொடாதீங்க'ம்பானுங்க. என் போர்டை என்னையே!" வாசலைப் பார்த்தார். "அலை எப்படி இருக்கு இன்னைக்கு?"

"இடுப்பளவு. சுத்தமா இருக்கு," என்றார் படக்காரர், பழக்கத்தில்.

ஓவியர் அம்மா நடந்தே விட்டார். கேலரித் தம்பி குறுக்கே பாய்ந்தான்.

"அம்மா, அம்மா! இது இன்ஷூர் பண்ணினது. தண்ணியில எல்லாம்..."

"இன்ஷூரன்ஸ் எதுக்குப்பா? மெழுகுக்குத்தானே? அது பக்கெட்ல இருக்கு. பத்திரமா பிடிச்சுக்க."

அவன் நிஜமாகவே பக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஆனால் மேஸ்திரி வாசலில் கையை விரித்து மறித்துவிட்டார்.

"மூக்கு உடைஞ்சிருக்கும்மா. இப்படியே இறங்கினா தண்ணி குடிச்சிரும், நுரை எல்லாம் ஊறிப் போயிரும். நான் விடமாட்டேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"வெயில்ல இறுகற பிசின் வச்சிருக்கேன். ஒரு டீ குடிச்சு முடிங்க."

ஒரு டீ என்றது மூன்று டீ ஆயிற்று. மேஸ்திரி உடைந்த மூக்கை வெட்டி எடுத்து, நுரைத் துண்டை வளைவு பார்த்துச் செதுக்கி அடைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியைப் போர்த்தி, பிசினை ஊற்றி, ரப்பர் தகட்டால் காற்றுக் குமிழை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வெளியேற்றினார். முற்றத்து வெயிலில் காட்டினதும் அது கண்முன்னால் இறுகியது. நகத்தால் தட்டினார். டக் என்றது. உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தார். ஓவியர் அம்மா ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டே, "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் மேடா இருக்கே," என்றார்.

"நீங்க ரொட்டியைத் தின்னுங்க. மேடு பள்ளம் நான் பாத்துக்கிறேன்."

"சரிங்க மேஸ்திரி," என்றார் அவர், பவ்யமாக.

மெழுகு தேய்க்கும் கட்டம் வந்ததும் மேஸ்திரி அலமாரியிலிருந்து புதுக் கட்டி எடுத்தார். ஓவியர் அம்மா தலையை ஆட்டினார். "புதுசு வேணாம். அதையே உருக்குங்க."

"பழசு பிடிப்பு குறைச்சலா இருக்கும். மணல் வேற."

"வடிகட்டுங்க. பாதிக்குப் பாதி புதுசு கலந்துக்கலாம். கால்ல படத்தானே அவ ரோஸ் கலர் தேடித் தேடி வாங்கினா? நான்தான் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுட்டேன்."

அடுப்பில் பாத்திரம் ஏறியது. மகள் பழைய துணியில் வடிகட்டினாள். கிண்ணத்தில் ஊற்றித் தண்ணீரில் வைத்ததும் கட்டிகட்டியாக இறுகிற்று. பழுப்பு நிறம், கூர்ந்து பார்த்தால் ஒரு சின்ன ரோஸ் சாயல். சாயல் இல்லை என்று நான் நினைத்தேன், மற்ற எல்லோரும் இருக்கிறது என்றார்கள். ஆளுக்கு ஒரு கட்டி எடுத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்தோம். கேலரித் தம்பி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தானும் ஒரு கட்டி எடுத்தான். தேய்க்கத் தேய்க்க அவனுக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும்.

"அப்படிப் பார்த்தா பொருள் அதே பொருள்தான், அடுக்குதான் மாறியிருக்கு," என்றான் மெதுவாக. "அம்மா, கண்காட்சிக்குக் குடுப்பீங்கல்ல?"

"குடுப்பேன். அதுவரைக்கும் தினம் ஏறுவேன். அன்னைக்கு மேல என்ன இருக்கோ அதோட குடுப்பேன்."

"எங்க டைரக்டர் கேட்டா? பழைய மெழுகு எங்கன்னு பார்க்கிறவங்க கேட்டா? என்னன்னு காட்டறது?"

ஓவியர் அம்மா அதற்குள் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்.

கடலில் நடந்ததை நான் கரையிலிருந்துதான் பார்த்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. படக்காரர் பெட்டிக்காமிராவோடு முன்னால் நீந்திப் போய் மிதந்தார். ஓவியர் அம்மா பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் துழாவிக்கொண்டு போனார். முதல் அலையில் எழுந்து நிற்பதற்குள் விழுந்தார். இரண்டாவதில் நின்றார், கால் வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தார். அவருடைய ரப்பர் செருப்பு இரண்டையும் கையில் பிடித்தபடி கரையில் நின்ற கேலரித் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். மேஸ்திரி முழங்கால் தண்ணீரில் நின்று கத்தினார்.

"ஏங்க! மூக்கு தண்ணி குடிக்குதான்னு பாருங்க!"

"குடிக்கலை! அந்தம்மாதான் குடிக்கிறாங்க!"

மூன்றாவது அலை நீளமாக, நிதானமாக வந்தது. ஓவியர் அம்மா எழுந்தார். குட்டை உருவம் இன்னும் குட்டையாக மடங்கி, கைகள் விரிந்து, அலைமேல் வழுக்கிக்கொண்டே கரைவரை வந்தார். வருகிற வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தார். என்ன கத்தினார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நாங்களும் கத்தினோம். கேலரித் தம்பி தொடைவரை நனைந்து நின்றிருந்தான், எப்போது இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது.

கரையில் துண்டை நிழலாகப் பிடித்துக்கொண்டு காமிராவின் சின்னத் திரையைப் பார்த்தோம். படக்காரர் எடுத்தது முழு ஆளையும் இல்லை. இரண்டு பாதம் மட்டும். விரல்கள் விரிந்து மெழுகைக் கவ்வி, நரம்பு புடைத்து, பின்னால் அலையின் உதடு, லென்ஸ் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

கேலரித் தம்பி அதையே பார்த்தான். "அண்ணே, உங்க பெட்டியில இந்த மாதிரி ஒண்ணுகூட இல்லையே? நாலு மணி நேரம் தேடினேன்."

"ஆளு குறுக்க வந்தா எடுக்கமாட்டேன் தம்பி. கல்யாணத்துல ஆளுங்களையே பார்த்துச் சலிச்சுப்போய்த்தானே கடலுக்கு ஓடிவர்றேன்."

"அப்ப இதை ஏன் எடுத்தீங்க?"

படக்காரர் மூக்கைச் சொறிந்தார். "நேத்து சுரண்டினது இந்தக் காலைத்தானே. எப்படி இருக்கும்னு பார்க்கணும்னு தோணுச்சு."

"மெழுகு எங்கன்னு கேட்டா இதைக் காட்டுங்க," என்றாள் மகள், ரொம்பச் சாதாரணமாக. "போர்டு இங்க, காலு இங்க. பக்கத்துல பக்கத்துல."

கேலரித் தம்பி அவளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், ஓவியர் அம்மாவைப் பார்த்தான். அவர் காதுத் தண்ணீரை ஒற்றைக் காலில் குதித்து வெளியேற்றிக்கொண்டிருந்தார். "அந்த ஆறு அலைப் படமும் வேணாம் அண்ணே. சுவர் முழுக்கக் கால் வேணும். முடியுமா?"

"சுவர் இருக்கா?" என்றார் மேஸ்திரி. கேட்டது அதை மட்டும்தான்.

"டைரக்டர்கிட்ட நான் பேசறேன்," என்றான் அவன்.

"நானும் பேசறேன்," என்றார் ஓவியர் அம்மா, குதிப்பதை நிறுத்தாமல்.

அதன்பின் கண்காட்சிவரை ஒவ்வொரு காலையும் கடற்கரையில் திருவிழாதான். ஓவியர் அம்மா இரண்டு அலை ஏறுவார், அப்புறம் பலகையை அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடுவார். சர்ஃப் பிள்ளைகள், சலூன்காரர், மகள் என்று யார் வந்தாலும் சரி, ஏறுவதற்குமுன் மெழுகு தேய்க்க வேண்டும், சுரண்டக் கூடாது. படக்காரர் கழுத்தளவு தண்ணீரில் மிதந்து கால் கால் என்று எடுத்துத் தள்ளினார். கேலரித் தம்பியும் ஒரு நாள் பேண்ட்டை மடித்துக்கொண்டு ஏறி, எல்லோர் கைதட்டலோடும் விழுந்தான்.

மேஸ்திரி மட்டும் பிடிகொடுக்கவில்லை. "என் குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. பிசின் வேற இடுக்குல இடுக்குல ஏறிக் கிடக்கு. அதைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டவா?" என்பார். கடைசி நாள் ஓவியர் அம்மா அவரைத் தரதரவென்று இழுத்துப் பலகைமேல் ஏற்றிவிட்டார். நின்றது மூச்சு விடுகிற நேரம்தான். அந்த நேரத்துக்குள் அவர் புருஷன் அருகில் நீந்தி வந்துவிட்டார்.

கண்காட்சி திறந்த அன்று நானும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வெள்ளைச் சுவர், வெள்ளை வெளிச்சம், பேச்சுச் சத்தமே இல்லாத கூட்டம். பலகை நடுவில் ஒரு மேடைமேல் கிடந்தது. மெழுகு மெல்லிசாகத்தான் இருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது. அதன் எதிரே படக்காரருடைய சுவர். ஆறு ஜோடிக் கால்கள், ஒவ்வொன்றும் ஆள் உயரம். நடுவில் பெரிதாக, பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் பிசின் மின்ன, இரண்டு குதிகால்கள் மெழுகில் அழுந்தி நின்றன. அதற்கு நேர் கீழே ஒரு நாற்காலியில், வேறு எங்கேயோ பார்த்தபடி, மேஸ்திரி.

அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம் அதிகம். நல்ல உடை உடுத்திய ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டம்மா படக்காரரைக் காட்சிக்கூடத்து ஆள் என்று நினைத்திருப்பார் போல. போனை அவர் கையில் கொடுத்து, "இந்தப் படத்துக்கு முன்னாடி எங்களை ஒண்ணு எடுத்துக் குடுக்கிறீங்களா?" என்றார்.

மகள் வாயைத் திறந்தாள். படக்காரர் கண்ணாலேயே அவளை அடக்கிவிட்டு, போனை வாங்கினார். வாங்கினதும் அவருக்குள் இருந்த கல்யாணக்காரர் எழுந்துவிட்டார்.

"சார், நீங்க கொஞ்சம் பின்னால. பெரியவர் நடுவுல வாங்க. மோவாயைத் தூக்கும்மா. அழகு. எல்லாரும் இப்படிப் பாருங்க. அம்மா, நீங்க மட்டும் ஒரு அடி இடது பக்கம், அந்தக் குதிகாலை மறைக்கிறீங்க பாருங்க."

"அய்யோ, மறைச்சாத்தான் என்னவாம்?" என்று நாற்காலியிலிருந்து முனகல் கேட்டது.

"மறைக்கக் கூடாது," என்றார் படக்காரர், போனை இறக்காமல். "அது என் சம்சாரத்தோடது."

குடும்பம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பெரியவர்கூடக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். மேஸ்திரி இரண்டு கால்களையும் அவசரமாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, முகத்தைக் கையால் மூடி, விரலிடுக்கு வழியாகச் சிரித்தார்.

படக்காரர் அந்த நேரம் பார்த்து அழுத்தினார்.